தெரிந்தவர் இருவர்

அலுவலகம் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடத் தொடங்கினால் மேலே மேசைமேல் வைத்த டீ கிளாஸ் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் பேசுவதை எல்லாரும் ஒரு கையால் கிளாஸைப் பிடித்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

அன்றைக்கு அவர் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்க விளம்பரம் கொடுத்து எடுத்த பதினெட்டுப் பேரில் பதினோரு பேர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். எல்லாரும் படித்தவர்கள், கோப்பு நிறையச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள். இரண்டு கதவு முகத்தில் சாத்தப்பட்டதும் மூன்றாவதைத் தட்ட அவர்களுக்குக் கை எழவில்லை. ஒருவன் மட்டும் நாற்பது வீட்டுக் கேள்வித்தாளையும் நிரப்பிக் கொண்டுவந்தான். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பியது பிறகுதான் தெரிந்தது. நாற்பது வீட்டிலும் நாலு பேர், நாற்பது வீட்டிலும் ஒருவருக்குத் தலைவலி.

"விளம்பரத்தை நம்பினது போதும்," என்றார் சூப்பர்வைசர். "உங்களை மாதிரி ஆளு யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஆளுக்கு ரெண்டு பேரைச் சொல்லுங்க. சொந்தமோ சிநேகிதமோ, எனக்குக் கவலை இல்லை. ஆனா அடியில உங்க கையெழுத்து இருக்கும். அவங்க நல்லா செஞ்சாலும் உங்க பேரு, சொதப்பினாலும் உங்க பேரு."

ஆளுக்கொரு தாள் வந்தது. 'உங்களுக்குத் தெரிந்தவர் இருவர்' என்று தலைப்பு. பெயர், இப்போது செய்யும் வேலை, எத்தனை வருடப் பழக்கம், எதை வைத்துச் சொல்கிறீர்கள். நாலே கட்டம்தான். எல்லாரும் ஓரக்கண்ணால் கதவக்காவைப் பார்த்தார்கள்.

கதவக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவள். எந்தச் சோப்பு வாங்குகிறீர்கள் என்பதில் தொடங்கி எந்த மாத்திரை போடுகிறீர்கள் என்பதுவரை கேட்டிருக்கிறாள். மற்றவர்களை முறைத்துத் துரத்திய வீட்டில் அவள் அரைமணி நேரம் கழித்து வெளியே வருவாள், கையில் முழுசாக நிரம்பிய தாள் இருக்கும். என்ன மந்திரம் போடுகிறாய் என்று கேட்டால், "ஒண்ணும் போடறதில்லை. கேட்டுட்டு வாயை மூடிக்கிறேன், அவ்வளவுதான்," என்பாள்.

அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். அச்சில் உள்ள கேள்வியை ஓர் எழுத்து மாற்றாமல் வாசிக்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். தலையாட்டக் கூடாது, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டக் கூடாது, இதுதானே சொல்ல வந்தீர்கள் என்று எடுத்துக் கொடுக்கவே கூடாது. எடுத்துக் கொடுத்த பதில் கேட்டவருடைய பதில், சொன்னவருடையது இல்லை. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டியதும் தாளைப் பற்றிக் கணவனிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவன் பஸ் பட்டறையில் வெல்டர். ஒரு கண்ணில் கட்டு. முந்தின வாரம் தீப்பொறி பறந்து விழுந்திருந்தது.

"ரெண்டு பேருதானே? ஒண்ணு நம்ம வீட்லயே இருக்கே," என்றான்.

அடுப்படியில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனாரின் கத்தி நின்றது.

நாத்தனார் இவர்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கணவன் நோயில் கிடந்து போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பெட்டியோடும் ஒரு தையல் மெஷினோடும் ரயிலில் ஒரு பகல் பயணம் செய்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். முன்னறையில் பிள்ளையின் படிப்பு மேசைக்கும் பீரோவுக்கும் நடுவே அவள் பாய் விரிப்பாள். காலையில் யாரும் எழுந்திருக்குமுன் சுருட்டி வைத்துவிடுவாள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பழக்கம். யார் பேசினாலும் பாதியில் வாங்கி அவளே முடித்துவிடுவாள்.

"எனக்கு நாளைக்கு..." என்று பிள்ளை தொடங்கினால், "சீக்கிரம் போகணும், எழுப்பி விடறேன்," என்பாள்.

"அந்தத் துண்டு..." என்று அண்ணன் தொடங்கினால், "காயலை, வேற எடுத்துக்கோ."

பத்தில் ஒன்பது தடவை சரியாகத்தான் இருக்கும். அதுதான் கதவக்காவுக்கு இன்னும் எரிச்சல். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சு முடியும்வரை காத்திருந்துவிட்டு வருகிறவளால், தன் வீட்டில் ஒரு வாக்கியத்தைத் தானே முடிக்க முடியவில்லை.

"பார்க்கலாம்," என்றாள் கணவனிடம்.

"என்ன பார்க்கலாம்? எட்டாவது மாடிக்கு ஏறச் சொன்னாலும் ஏறுவா. பேச்சுல சளைச்சவளா?"

"பேசற வேலை இல்லைங்க அது."

"பின்னே?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணிக்கு யோசிக்க நேரம் வேணும் அண்ணா. விடு."

அதையும் அவளே முடித்துவிட்டாள்.

மறுநாள் கணவனின் கண்கட்டு மாற்ற கிளினிக்குக்குப் போனபோதுதான் கதவக்காவுக்கு முதல் பெயர் கிடைத்தது. கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் டோக்கன் கொடுக்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். காது மந்தமான கிழவர் ஒருவர் அவளிடம் ஒரே கேள்வியை நான்காம் தடவையாகக் கேட்டார். நான்காம் தடவையும் அவள் அதே வார்த்தைகளை, அதே நிதானத்தில் சொன்னாள். சத்தம் கூடவில்லை, முகம் சுளிக்கவில்லை. கிழவர் யோசித்து முடிக்கும்வரை பின்னால் இருப்பவரைக் கூப்பிடவும் இல்லை.

கூட்டம் வடிந்ததும் கதவக்கா ஜன்னலுக்குப் போனாள்.

"வேற வேலைக்கு வர்றியாம்மா?"

அந்தப் பெண் சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன விக்கணும்?"

"ஒண்ணும் விக்க வேண்டாம். கேள்வி கேட்கணும்."

"நான் பத்தாவதுதான்க்கா."

"வாசிக்கத் தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா என்னை ஏன் கேட்கறீங்க? என்னை உங்களுக்குத் தெரியவே தெரியாதே?"

"ஒரு மணி நேரமாத் தெரியும்," என்றாள் கதவக்கா.

இரண்டாவது கட்டம் வியாழக்கிழமைவரை காலியாகவே இருந்தது. பேனாவை மூன்று தடவை எடுத்தாள். நாத்தனார் பெயரை எழுதினால் வீட்டில் நிம்மதி. எழுதி, அவள் ஒவ்வொரு வீட்டிலும் பதிலைப் பிடுங்கிப் பிடுங்கி எழுதிக்கொண்டு வந்தால், பத்தொன்பது வருடப் பெயர் போய்விடும். ஒரு பெயரோடு தாளைக் கொடுத்தாள்.

"இன்னொண்ணு?" என்றார் சூப்பர்வைசர்.

"தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லை சார்."

எது எப்படிப் போய்ச் சேரும் என்று யாரால் சொல்ல முடியும்? அண்ணன் கொடுத்த நம்பிக்கையில் நாத்தனார் சனிக்கிழமை காலை, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தானே அச்சகத்து மாடி ஏறிவிட்டாள். என் பெயர் வந்திருக்கிறதா என்று கேட்டாள். கதவக்கா அப்போது ஊரின் மறுகோடியில் ஒரு குடியிருப்பில் படி ஏறிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் சூதுவாது இல்லாத மனிதர். தாளைப் பார்த்து உள்ளதைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. கணவன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான், பிள்ளை சிநேகிதி வீட்டில். கொடியிலிருந்து எடுத்த ஈரத்துணிகளை நாற்காலி முதுகுகளில் பரப்பிக்கொண்டே நாத்தனார் பேசினாள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"என்னைப் பிடிக்கலைன்னு சொல்லியிருந்தா வருத்தமில்லை அண்ணி. சோம்பேறின்னு சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். தெரிஞ்சவங்க யாரும் இல்லைன்னு சொன்னீங்களாமே."

கதவக்கா தொடங்கினாள். "அது வந்து..."

"வாய் தவறி வந்துடுச்சு."

"பாத்தியா, இதுதான்! இதனாலதான்! நான் ஒண்ணு சொல்ல வர்றதுக்குள்ள நீயே சொல்லிடறே. இந்த வேலைக்கு அது ஆகாது. அதான் எழுதலை. போதுமா?"

நாத்தனார் திரும்பினாள். அழவில்லை. "போதும்," என்றாள். "ஆனா நீங்க சொன்னதும் சரிதான் அண்ணி. மூணு மாசமா ஒரே கூரை. என்னை உங்களுக்குத் தெரியாது. ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களா? ஊர்ல இருக்கற கதவையெல்லாம் தட்டறீங்க."

மழை ஜன்னல் விளிம்பில் அடித்து உள்ளே தெறித்தது. துடைக்க இருவரும் போகவில்லை. கதவக்கா எழுந்தாள். என்ன தோன்றியதோ, ஆணியிலிருந்து பையை எடுத்து, ஒரு வெற்றுக் கேள்வித்தாளை உருவிப் படிப்பு மேசைமேல் வைத்தாள்.

"உட்காரு. கேட்கறேன்."

"கேலி பண்றீங்களா?"

"இல்லை. எனக்கு இப்படித்தான் கேட்கத் தெரியும்."

நாத்தனார் நின்றபடியே இருந்தாள். அப்புறம் ஒரு துணியை மடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். வயது, படிப்பு, இந்த முகவரியில் எத்தனை காலம் என்று வரிசையாகப் போயிற்று. கதவக்கா வாசலில் நின்று கேட்கிற அதே குரலில் கேட்டாள். பதினான்காம் கேள்விக்கு வந்தார்கள்.

"கடந்த இரண்டு வருடங்களில் உங்கள் பொறுப்பில் நோயாளி யாராவது இருந்தார்களா?"

"இருந்தார்."

"அவருக்கு என்னென்ன உதவிகள் செய்தீர்கள்?"

குளிப்பாட்டியது, ஊட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது என்று எல்லாரும் சொல்கிற பதில்கள் வரும் என்று பேனா தயாராக இருந்தது. எதுவும் வரவில்லை. கதவக்கா மனசுக்குள் ஐந்து வரை எண்ணினாள், பத்து வரை எண்ணினாள். எடுத்துக் கொடுக்கவில்லை.

"பேசினேன்," என்றாள் நாத்தனார். "அவருக்குப் பதிலா நான் பேசினேன்."

"வேறு ஏதாவது?"

"கை கால் போனது அண்ணனுக்குத் தெரியும். பேச்சும் போனது தெரியாது. முதல் எழுத்து மட்டும் வரும். 'த'ன்னு வரும். தண்ணியா, தலையணையா, தம்பியா? நான்தான் கண்டுபிடிக்கணும். ரெண்டு தடவை தப்பாச் சொல்லிட்டா சுவத்துல தலையை முட்டிக்குவார். அதனால வேகமாச் சொல்லப் பழகிக்கிட்டேன். அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள சொல்லிடுவேன். டாக்டர்கிட்டேயும் நான்தான் பேசுவேன், அவர் அண்ணன் தம்பிங்ககிட்டேயும் நான்தான் பேசுவேன். ரெண்டு வருஷம்."

"நாங்க வந்தப்போ தூங்கிட்டிருந்தாரே," என்றாள் கதவக்கா. தாளில் இல்லாத வார்த்தை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தடம் மாறினாள்.

"தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டார். வாய் குழறறதை உங்க முன்னால காட்ட வெட்கம்."

கதவக்கா எழுந்துபோய் இரண்டு பேருக்கும் டீ போட்டாள். கொதிக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, சுருட்டி வைத்த அந்தப் பாயை இத்தனை நாளில் ஒருநாள்கூடத் தான் விரித்துத் தந்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. கிளாஸை நீட்டிக்கொண்டே, "நாளைக்கு உன் பேரை எழுதிடறேன்," என்றாள்.

"வேண்டாம் அண்ணி."

"ஏன்?"

"இப்போ எழுதினா பாவப்பட்டு எழுதினதா ஆயிடும். நீங்க முதல்ல சொன்னதே நியாயம். நான் குறுக்கே பேசறவதான்."

அதற்குமேல் வற்புறுத்தக் கதவக்காவுக்கும் மனம் வரவில்லை. வற்புறுத்தாமல் விட்டது நாத்தனார்மேல் உள்ள மரியாதையா, தன் பெயரைப் பற்றிய பயமா என்று அவளுக்கே அன்றைக்கு விளங்கவில்லை.

டோக்கன் பெண் வேலைக்கு வந்தாள். முதல் வாரத்திலேயே இருபத்தாறு வீடு முடித்தாள். அத்தனையும் சுத்தம். சரிபார்க்கப் போன சூப்பர்வைசர் வாய்கொள்ளாச் சிரிப்போடு திரும்பி வந்து அவளிடமும் ஒரு தாளை நீட்டினார். நல்லவர் ஒருவர் கிடைத்தால் அவர்மூலம் அடுத்தவர். அப்படித்தான் ஆள் சேர்ப்பது என்று முடிவாகியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை டோக்கன் பெண் கொடுத்த தாளை அவர் உரக்க வாசித்தபோது கதவக்காவின் கிளாஸ் மேசை ஓரம்வரை போய்விட்டது. முதல் பெயர் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஆயா. இரண்டாவது, கதவக்காவின் நாத்தனார்.

"இவங்களை உனக்கு எப்படித் தெரியும்?" என்று படியிறங்கும்போது டோக்கன் பெண்ணைப் பிடித்தாள்.

"கண்ணுக்குக் கட்டு மாத்த அவங்க அண்ணனைக் கூட்டிக்கிட்டு வருவாங்கக்கா. ஒருநாள் வாய் வராத ஒரு பெரியவரு ஹால்ல எதையோ கேட்டுக் கேட்டு அழுதாரு. மகன்காரன் சும்மா இருன்னு கத்தறான். ஐம்பது பேரு உட்கார்ந்திருந்தோம், ஒருத்தருக்கும் புரியலை. இவங்க போய்ப் பக்கத்துல உட்கார்ந்தாங்க. இதுவா, அதுவான்னு ஒவ்வொண்ணாக் கையைக் காட்டினாங்க. அவர் தலைக்கு மேல சுத்தற ஃபேனை நிறுத்தணும், அவ்வளவுதான். குளிருதாம். நீங்களும் அவங்களைப் பாத்திருப்பீங்களோ என்னவோ."

"எங்க வீட்லதான் இருக்கா," என்றாள் கதவக்கா.

டோக்கன் பெண் வாயில் கை வைத்தாள். பிறகு நீங்கள் ஏன் எழுதவில்லை என்று கேட்க நினைத்தும் கேட்கவில்லை. நல்ல ஆள்தான்.

வீட்டுக்குப் போனபோது செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. "இந்தத் தடவை என்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க எழுதிட்டாங்க அண்ணி," என்றாள் நாத்தனார். குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். கதவக்காவும் சிரித்துவைத்தாள்.

பயிற்சி நாலு நாள். முதல் இரண்டு நாள் நாத்தனார் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒத்திகைக்கு எதிரே உட்கார்ந்தவர் மூச்சு விடுவதற்குள் பதில் எழுதிவிடுவாள். சூப்பர்வைசர் சிவப்புப் பேனாவால் பதினேழு வட்டம் போட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணனை உட்கார வைத்து வீட்டில் ஒத்திகை நடந்தது.

"கடந்த மாதத்தில் நீங்கள் மருத்துவரிடம் போனதுண்டா?"

அண்ணன் மோவாயைச் சொறிந்தான். கட்டுப் பிரித்த கண்ணைச் சிமிட்டினான். விட்டத்தைப் பார்த்தான். வேண்டுமென்றே செய்கிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு நெளிந்தாள்.

"ஏண்ணா, நான்தானே உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனேன்!" என்று கத்தியேவிட்டாள். பிள்ளை சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

நாலாம் நாள் வட்டம் ஆறாகக் குறைந்தது. முதல் வீட்டுக்கு மூத்தவர் ஒருவர் கூடப் போய்க் கவனிப்பது அங்கே வழக்கம். கதவக்காவைப் போட்டார்கள். கூட இருப்பவர் வாயைத் திறக்கவே கூடாது.

பழைய குடியிருப்பின் இரண்டாவது மாடி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாள் முதலில் பாதிக் கதவைத்தான் திறந்தாள். நாத்தனார் அட்டையைக் காட்டி, அச்சில் உள்ள அறிமுகத்தை வாசித்தாள். டிரைவர் உள்ளேயிருந்து, "பொம்பளைங்க வெயில்ல நிக்கறாங்க, உள்ளே விடேன்," என்றார்.

பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர். மனிதர் நிதானமானவர். ஒவ்வொரு பதிலுக்கும் கியர் மாற்றுவதுபோல ஓர் இடைவெளி விட்டார். மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். இருபத்திரண்டாம் கேள்வி வந்தது.

"உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?"

"எங்கிட்டதான், வேற யாருகிட்ட?" என்றாள் மனைவி.

"அவரே சொல்லட்டும்மா," என்றாள் நாத்தனார் பணிவாக.

டிரைவர் வாயைத் திறந்தார். "என்..." என்றார். நிறுத்தினார். கதவக்காவுக்கே பதில் தெரிந்துவிட்டது. நாத்தனாரின் பேனா முனை தாளைத் தொட்டுவிட்டதையும் பார்த்தாள். அவள் முனையைத் தாளிலேயே அழுத்தி நிறுத்தினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் கண்டக்டர்கிட்ட," என்றார் கடைசியில்.

"யாரு? அந்த ஒல்லிக்குச்சியா?" என்றாள் மனைவி.

"உங்கிட்ட சொன்னா நீ பயந்துடுவே. அவன் சிரிப்பான். இருபத்தோரு வருஷம் என் பின்னாடி நின்னு டிக்கெட் கிழிச்சவன். போன மாசம் நெஞ்சு வலிச்சப்போ அவன்தான் கூட்டிக்கிட்டுப் போனான்."

அந்த அம்மாளின் கரண்டி மெல்லத் தாழ்ந்தது. "போன மாசமா?" என்றாள். வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மிச்சக் கேள்விகள் முடியும்வரை அவள் எழவில்லை, பேசவும் இல்லை.

வெளியே வந்து மாடி வளைவில் நாத்தனார் நின்றாள். தாளைப் பிரித்துக் காட்டினாள். 'மனைவி' என்ற கட்டத்துக்குள் ஒரு மைப்புள்ளி இருந்தது. அதற்குக் கீழே 'பிறர்' என்ற இடத்தில், பழைய கண்டக்டர் என்று தெளிவாக எழுதியிருந்தது.

"போட்டே இருப்பேன் அண்ணி. இன்னும் ஒரு நிமிஷம் அவர் பேசாம இருந்திருந்தா போட்டே இருப்பேன்."

கதவக்கா தலையசைத்தாள்.

நாத்தனார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கீழே யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் 'த'ம்பார். நான் தண்ணின்னு கொண்டுவந்து கொடுப்பேன். குடிப்பார். குடிச்சதால தண்ணிதான் கேட்டார்னு நினைச்சுக்கிட்டேன். டாக்டர்கிட்ட வலி குறைஞ்சிருக்குன்னு சொல்வேன், அவர் பேசாம இருப்பார். ரெண்டு வருஷம் அவர் வாயால நான் பேசியிருக்கேன். அதுல அவர் பேசினது எவ்வளவு, நான் பேசினது எவ்வளவுன்னு இப்போ தெரியலை அண்ணி."

சொல்வதற்குக் கதவக்காவிடம் வார்த்தைகள் இருந்தன. நீ இல்லாவிட்டால் அவருக்கு யார் இருந்தார்கள் என்று சொல்லலாம். அவருக்கு உன் மனசு தெரிந்திருக்கும் என்று சொல்லலாம். ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான், பொய்யும் இல்லை. ஆனால் நாத்தனார் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. அதனால் கதவக்கா பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அந்தப் படியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.